சர்வைவல் ஆஃப் த டெட்

சர்வைவல் ஆஃப் த டெட் என்பது ஜார்ஜ் ஏ. ரொமேரோ எழுதி இயக்கிய ஜாம்பி வகைத் திகில் திரைப்படமாகும். இது 2009 இல் வெனிசு திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. 1968 இல் நைட் ஆஃப் த லிவிங் டெட் மூலம் அவர் தொடங்கிய வரிசையில் இது ஆறாவது படம். 2017 இல் காலமான அவர் இயக்கிய கடைசிப் படமும் இதுவே.

கதை அமெரிக்காவின் டெலவேர் கரைக்கு அப்பாலுள்ள தீவு ஒன்றில் நடக்கிறது. இறந்தபின் நடைபிணமாக எழும் உறவினர்களைச் சுட்டுவிட வேண்டும் என்கிறார் ஓஃபிளின் குடும்பத் தலைவர். மருந்து கிடைக்கும்வரை கட்டிவைத்துக் காக்க வேண்டும் என்கிறார் மல்டூன் குடும்பத் தலைவர்.

முதற்படத்தில் ஒரே வீட்டுக்குள் அடைபட்டவர்களின் அச்சமே கதையை நடத்தியது. இப்படத்திலோ, வலுவான கேள்வி ஒன்று இருந்தும், அது குடும்பப் பகையிலும் துப்பாக்கிச் சண்டையிலும் நகைச்சுவையிலும் கரைந்துபோகிறது. பெரும்பாலான விமர்சகர்கள் படத்தை வரவேற்கவில்லை; வசூலிலும் தோல்வியடைந்தது.