ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

கல்விச் சுற்றுலா, கள ஆய்வு, ஆபீஸ் வேலை என்று வெளியூர் போகிறவர்கள் கவனத்துக்கு...

மழை இல்லை. மேகம் இல்லை. ஆனால் ஆற்றில் திடீர் வெள்ளம்! கண் மூடித் திறப்பதற்குள் 24 மாணவ-மாணவிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது.

2014-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்தது இது. இடம்: இமாசலப் பிரதேசம், மண்டி மாவட்டம், தலோட் அருகே பியாஸ் ஆறு.

ஐதராபாத்தில் உள்ள ஓர் என்ஜினீயரிங் கல்லூரியில் இருந்து கல்விச் சுற்றுலா வந்தவர்கள் அவர்கள். மணாலிக்குப் போகும் வழியில் பஸ்சை நிறுத்தி இறங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. பாறைகள் மேலே தெரிந்தன. அவற்றில் ஏறி நின்று போட்டோ எடுத்தார்கள்.

மேலே ஓர் அணை இருப்பதும், அதன் மதகு எந்த நேரமும் திறக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது!

வெள்ளம் வந்தது எப்படி?

அந்த அணை, 126 மெகாவாட் லார்ஜி நீர்மின் நிலையத்தைச் சேர்ந்தது. மின்சாரம் தயாரிக்கும்போது அணைத் தண்ணீர் சுரங்கம் வழியாக டர்பைனுக்குப் போய்விடும். அதனால் அணைக்குக் கீழே ஆறு வற்றிக் கிடக்கும்.

அன்று மின் உற்பத்தியைக் குறைத்தார்கள். டர்பைனுக்குப் போகாத தண்ணீரை ஆற்றில் திறந்து விட்டார்கள். அவ்வளவுதான்! மாணவர்களோடு, சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் பலி ஆனார். உடல்களைத் தேடும் வேலை வாரக்கணக்கில் நடந்தது.

வழக்கை இமாசல ஐகோர்ட்டு தானாகவே எடுத்து விசாரித்தது. ஒவ்வொரு மாணவர் குடும்பத்துக்கும் ரூ.20 லட்சம் நஷ்டஈடு கொடுக்க 2016-ம் ஆண்டு தீர்ப்பு அளித்தது. இதில் மின்சார வாரியத்தின் பங்கு 60 சதவீதம்; மாநில அரசின் பங்கு 10 சதவீதம். மீதி 30 சதவீதம் கல்லூரியின் தலையில் விழுந்தது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதே இதன் அர்த்தம்.

ஒரு வார்த்தை கேட்டால் போதும்

வற்றிய ஆறு எப்போது பெருகும் என்பது கரையில் இருக்கிறவனுக்குத் தெரியும். நம்ம ஊரிலும் மேட்டூர் அணையைத் திறந்தால், காவிரிக் கரையில் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை வருகிறது. சென்னையில் இருந்து போய் இறங்குகிறவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

மண் மாதிரி எடுக்க, கல்வெட்டு படிக்க, செடி கொடி சேகரிக்க, வீடு வீடாகக் கணக்கு எடுக்க என்று மாணவர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். போனதும் முதல் வேலையாக டீக்கடைக்காரரையோ, ஆடு மேய்க்கிறவரையோ பார்த்து, "அண்ணே, இங்கே இறங்கலாமா? மேலே அணை இருக்கா? பாம்பு நடமாட்டம் உண்டா? எத்தனை மணிக்குள்ளே திரும்பணும்?" என்று கேட்க வேண்டும். அவர் "வேணாம் தம்பி" என்றால், வேண்டாம்தான்!

நிபுணருக்கும் நேர்ந்த கதி

"நமக்குத் தெரியாததா?" என்று நினைப்பதும் ஆபத்து.

அமெரிக்கப் பாம்பு ஆராய்ச்சியாளர் ஜோசப் ஸ்லோவின்ஸ்கி, 2001-ம் ஆண்டு செப்டம்பரில் பர்மாவின் வடக்குக் காட்டில் ஆய்வு நடத்தினார். பையில் இருந்தது விஷம் இல்லாத பாம்பு என்று எண்ணிக் கையை விட்டார். உள்ளே இருந்தது கட்டுவிரியன் வகைக் குட்டி! மூச்சு நின்றதும் கூட இருந்தவர்கள் மணிக்கணக்கில் வாயோடு வாய் வைத்து ஊதினார்கள். மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 38.

பாம்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வெகு தூரம்!

ஆகவே கிளம்பும் முன்பே, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும், வண்டி கிடைக்குமா என்று விசாரித்து வைக்க வேண்டும். பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆபீஸ் வேலையாகப் போகிறவர்கள்...

வசூலுக்குப் போகும் குமாஸ்தா, சரக்கு ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதி, ஆய்வுக்குப் போகும் பெண் ஊழியர் எல்லாருக்கும் இது பொருந்தும்.

எந்த ஊர், எந்த லாட்ஜ், கூட யார், ராத்திரி எத்தனை மணிக்குப் போன் வரும் என்பதை ஒரு சீட்டில் எழுதி, வீட்டில் ஒன்று, ஆபீசில் ஒன்று கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்தில் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். மலைக்காட்டில் செல்போனில் சிக்னல் கிடைக்காது. அப்போது கை கொடுப்பது அந்தச் சீட்டுதான்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அதன்படி, வேலை நிமித்தம் போகிற ஊரும், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் 'பணியிடம்'தான். கல்லூரிகளுக்கான 2015-ம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளிலும் கள ஆய்வு, கல்விச் சுற்றுலா இரண்டும் சேர்க்கப்பட்டு இருக்கின்றன. "வெளியூரிலே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தம் இல்லே" என்று நிர்வாகம் கையை விரிக்க முடியாது.

வேலை நடுவே ஏற்பட்ட விபத்துக்கு நஷ்டஈடு கேட்கச் சட்டமே வழி செய்கிறது. ஆனால் அங்கே அனுப்பியது ஆபீஸ்தான் என்று காட்ட வேண்டுமே! வாய் வார்த்தையாக "போயிட்டு வாப்பா" என்றால் போதாது. எழுத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

மகனோ மகளோ "காலேஜில் டூர்" என்று பணம் கேட்டால், பெற்றோர் எத்தனை ரூபாய் என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. கூட வரும் ஆசிரியர் யார், உள்ளூர் ஆள் யார், ஆற்றில் இறக்குவார்களா என்றும் கேட்க வேண்டும். பதில் தெரியாத கல்லூரி, பதில் தெரிந்துகொண்ட பிறகு பஸ்சை எடுக்கட்டும்!