பஞ்சத்தில் எழுந்த பாலை மாளிகை

ஆவடியில் வாழ்வோருக்குத் தார்ப் பாலைவனம் வெறும் நிலப்படத்துப் பெயரன்று. 1961இல் இங்கு நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னர் ஆவடி ஆய்வுக்கூடத்தில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கி, இராஜஸ்தானத்தின் போக்ரான் மணலிலும் மகாஜன் வெளியிலும் ஓட்டிச் சோதிக்கப்பட்டது. அப்பணியின் பொருட்டுச் சென்று வந்தோர் நம் தெருக்களில் பலர் உண்டு. வெயிலையும், சோற்றில் கலக்கும் மணலையும் பற்றிப் பேசி முடித்தபின் அவர்கள் தவறாது குறிப்பிடும் ஒன்று, ஜோத்பூர் நகரின் ஓரத்துக் குன்றின்மேல் நிற்கும் பொன்னிற மாளிகை. ஓரிரவு தங்குவதற்குத் தொழிலாளி ஒருவரின் பல மாத ஊதியத்தைக் கேட்கும் விடுதி அது. அது எழுந்த காரணமோ பசி.

உமைத் பவன் என்பது அம்மாளிகையின் பெயர். மார்வார் அரசர் உமைத் சிங் 1929 நவம்பர் 18ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டினார். பணி 1943இல் நிறைவுற்றது. 347 அறைகள் கொண்ட இதனை வரைந்தவர் ஹென்றி லான்செஸ்டர் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். பிரித்தானியாவில் கார்டிஃப் நகர மண்டபத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். சித்தர் என்னும் குன்றின்மேல் அதே பெயர் கொண்ட மணற்கல்லால் இஃது எழுப்பப்பட்டது. கற்களை ஒன்றினுள் ஒன்று பொருந்துமாறு நாக்கும் பள்ளமுமாகச் செதுக்கிச் சாந்தின்றியே அடுக்கினர். நம் தச்சர்கள் மரத்தில் செய்வதைக் கல்லில் செய்துகாட்டிய வேலை எனலாம். தடித்த சுவர்களும், நடுவே உயர்ந்தெழும் பெருங் குவிமாடமும், நிலத்துக்கடியில் அமைந்த நீச்சல் குளமும் பாலையின் வெம்மையை உள்ளே விடாமல் காக்கின்றன.

இனிக் காரணத்துக்கு வருவோம். மார்வார் வறட்சிக்குப் பழகிய நாடு. பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டை கட்டுவதற்காகக் குன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட துறவி ஒருவர் இட்ட சாபமே இதற்குக் காரணம் என்று அங்குள்ளோர் கதை சொல்வதுண்டு. விக்கிரம ஆண்டு 1956இல், அதாவது கி.பி. 1899-1900இல், நேர்ந்த பெரும் பஞ்சத்தை அந்த ஆண்டின் எண்ணாலேயே இன்றும் அவர்கள் குறிப்பிடுகின்றனர். மழை பொய்த்தால் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மாளவத்துக்குப் பெயர்வது அந்நாட்டு மக்களின் வழக்கம். 1920களில் அடுத்தடுத்து மழை தவறியபோது, மக்கள் வேலை கேட்டு அரசரை நாடினர். பிச்சையாகக் கொடாமல் கூலியாகக் கொடுக்க விரும்பிய அரசர் அரண்மனை கட்டத் தொடங்கினார் என்பது வரலாறு. இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் பேர் வரை அங்கு உழைத்தனர். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு.

இச்செய்தியைக் கேட்டவுடன் அரசரைப் போற்றுவோரும் உண்டு, இகழ்வோரும் உண்டு. இரண்டுக்கும் முன்னர், பஞ்சக் கூலி என்பது எத்தன்மையது என்று அறிதல் நலம். அதற்கு நாம் இராஜஸ்தானம் வரை செல்ல வேண்டுவதில்லை. 1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியை வெட்டியவர்கள் பசித்து வந்த ஊரார்களே. அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. அப்பஞ்சத்தின்போது வைசிராயின் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று கடுமையாக மறுத்தெழுதினார். பின்னர்க் கூலி சற்று உயர்த்தப்பட்டது. அதற்குள் மடிந்தோர் மடிந்தனர். பஞ்சத்தில் வேலை கொடுத்தல் அறமா கொடுமையா என்பது அந்த அளவுகோலில்தான் அடங்கியிருக்கிறது: மண் சுமப்பவனுக்கு எவ்வளவு சோறு?

வேறொரு முன்மாதிரியும் நம்முன் உள்ளது. 1784இல் அவத் நாட்டைப் பஞ்சம் பற்றியபோது நவாப் ஆசஃபுத் தௌலா இலக்னோவில் பெரிய இமாம்பாராவைக் கட்டத் தொடங்கினார். கிஃபாயத்துல்லாஹ் என்பவர் வரைந்த அதன் நடு மண்டபம் ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீளமுடையது. இரும்போ உத்தரமோ இன்றித் தன் வளைவின் வலிமையாலேயே நிற்பது. பகலில் கட்டியதன் ஒரு பகுதியை இரவில் இடித்தனர் என்றும், வறுமையுற்ற கண்ணியமான குடும்பத்தார் முகம் தெரியாதவாறு இரவு வேலைக்கு வந்தனர் என்றும் இலக்னோவில் ஒரு மரபுரை வழங்குகிறது. வரலாறாக அதனை ஏற்க முடியாவிடினும், பசித்தவனின் மானத்தைக் காக்க வேண்டும் என்னும் கவலை அக்கதையில் இருப்பது நோக்கத்தக்கது. டெம்பிளின் கணக்கில் அக்கவலைக்கு இடமில்லை.

இன்னும் பின்னே சென்றால் ஹிஜ்ரி 18இல் மதீனாவைச் சூழ்ந்த ‘சாம்பல் ஆண்டு’ நினைவுக்கு வரும். காற்றில் சாம்பலாய்ப் புழுதி பறந்த அவ்வாண்டில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமிலிருந்து தானியம் வருவித்தார்கள். மக்கள் நெய்யுண்ணும் நாள்வரை தாமும் நெய்யுண்பதில்லை என்று விலக்கிக்கொண்டார்கள். நைல் ஆற்றையும் செங்கடலையும் இணைத்த பழங்கால்வாய் அவர்களுடைய ஆணையால் மீண்டும் தூர்வாரப்பட்டதையும் அரபு வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அங்கும் கால்வாய், சென்னையிலும் கால்வாய், மார்வாரில் மாளிகை.

மார்வார்க்கு வேண்டியிருந்தது தண்ணீர் அன்றோ என்று கேட்பது நியாயமே. உமைத் சிங் அதனை அறியாதவரல்லர். ஜவாய் ஆற்றில் பேரணை கட்டும் பணியையும் அவரே தொடங்கினார். ஆனால் அது தொடங்கியது 1946இல், முடிந்தது 1957இல். மாளிகை முதலில் வந்தது, அணை பின்னர் வந்தது. எத்துணைப் பரிவுடன் நோக்கினும் இந்த வரிசை நெருடவே செய்கிறது. கூலி பெற்று உயிர் பிழைத்தவர்களின் கண்கொண்டு பார்த்தால் வேறு தீர்ப்பும் கூடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. பதினான்கு ஆண்டுகள் நீடித்த வேலை, ஒரு பருவத்தில் முடிந்துவிடும் குளவெட்டைவிட ஒரு குடும்பத்தை நெடுங்காலம் தாங்கியிருக்கும்.

மாளிகையின் உள்ளழகுக்கும் ஓர் அகதியின் கதை உண்டு. இலண்டனிலிருந்து கப்பலேறிய அறைகலன்கள் இரண்டாம் உலகப்போரின்போது கடலில் மூழ்கின. 1939இல் போலந்திலிருந்து தப்பி இந்தியா வந்திருந்த ஸ்டெஃபான் நோர்ப்லின் என்னும் ஓவியரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. அரியணைக் கூடத்தில் இராமாயணக் காட்சிகளை வரைந்தவர் அவரே. பஞ்சத்துக்குத் தப்பியோர் சுவர் எழுப்பினர். போருக்குத் தப்பியவர் அதில் வண்ணம் தீட்டினார்.

உமைத் சிங் அம்மாளிகையில் வாழ்ந்த காலம் மிகக் குறைவு. 1947 ஜூனில் அவர் காலமானார். 1971இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டபின், இத்துணைப் பெரிய வீட்டைக் காப்பது அரச குடும்பத்துக்கு அரிதாயிற்று. அப்பதிற்றாண்டில் ஒரு பகுதி விடுதியாக்கப்பட்டது. 2005 முதல் அதனைத் தாஜ் நிறுவனம் நடத்தி வருகிறது. மற்றொரு பகுதி அருங்காட்சியகம். எஞ்சியதில் அரச குடும்பம் வசிக்கிறது. விடுதியில் உள்ளவை எழுபதளவிலான அறைகள். அங்குத் தங்குவோர் மயில் உலவும் புல்வெளியில் அமர்ந்து, தொலைவில் மெஹ்ரான்கர் கோட்டையை மாலை வெயிலில் காணலாம். நம்மவர் பெரும்பாலும் சீட்டு வாங்கி அருங்காட்சியகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புவர். நுழைவுச் சீட்டின் தொலைவில் நின்று காண்பதிலும் ஒரு நன்மை உண்டு: கல்லின் பொருத்துக்களை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

இலக்னோவின் இமாம்பாராவில் ஆசஃபுத் தௌலா அடக்கமாகியிருக்கிறார். முஹர்ரம் மாதத்தில் எளியோரும் செல்வரும் அம்மண்டபத்தில் ஒன்றாகக் கூடுகின்றனர். சென்னைக் கால்வாயோ படகுகளை இழந்து சாக்கடையாகிவிட்டது. திருமயிலைக்கும் வேளச்சேரிக்கும் செல்லும் பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே ஊன்றப்பட்டுள்ளன; தாது வருடத்தில் வெட்டப்பட்ட அந்தப் பள்ளத்தின்மேல் நாள்தோறும் வண்டிகள் ஓடுகின்றன.