மரத்திற் படியெடுக்கும் பொறி

காஞ்சிமாநகரை அடுத்த ஏனாத்தூரில் வாழும் நமக்குத் தறியோசை புதிதன்று. பட்டுச்சேலையின் கரையில் அன்னமும் மயிலும் யாளியும் ஒன்றைப்போல் ஒன்று பிறழாது அணிவகுத்து நிற்பதைக் கண்டு வியவாதார் இலர். அவ்வொப்புமைக்குத் துணைசெய்வது தறியின்மேல் ஏற்றப்பெற்ற ஜக்கார்டு என்னும் கருவியாம். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த அக்கருவியில், துளையிட்ட அட்டைகளே கோலத்தை நினைவிற்கொண்டு தக்க பாவு நூல்களை உயர்த்துகின்றன. ஒருமுறை வகுத்த கோலம் எத்துணை முறை நெய்யினும் மாறுவதில்லை. நெசவாளர்க்கு இங்ஙனம் உதவும் படியெடுக்குங் கலை, இசைக்கருவி செய்யுந் தச்சர்க்கும் உதவுமோ? உதவுமாயின் எவ்வளவிற்கு? இதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். சான்றாகக் கித்தாரை எடுத்துக்கொள்வாம்.

கித்தாரில் மேற்பலகை தட்டையாக அமைந்தது ஒருவகை. வயலினைப்போல் நடுவுயர்ந்து விளிம்பு தாழ்ந்த வில்வளைவாகச் செதுக்கப்பெற்றது மற்றொரு வகை. அமெரிக்க நாட்டினராகிய ஆர்வில் கிப்ஸன் என்பார் இப்பின்னைய முறையைக் கையாண்டு, மாண்டலின் அமைப்பிற்கு 1898-இல் அரசினரிடம் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் தாங்கிய தொழிற்சாலை 1922-இல் எல்-5 என்னும் புகழ்பெற்ற கித்தாரை வெளியிட்டது. இவ்வகைப் பலகையைச் செய்யத் தொடங்குங்கால் மரம் ஏறத்தாழ ஓரங்குலத் தடிப்புடையதாயிருக்கும். முடியுங்கால் நடுவில் ஆறு மில்லிமீட்டரும் ஓரத்தில் அதனினுங் குறைவுமே எஞ்சும். எனவே மரத்தின் பெரும்பகுதி சிராயாகவே கழிகின்றது. கொட்டாப்புளியும் உளியுங் கொண்டு அதனைக் கழித்தற்குத் தச்சன் பல நாள் தோள் நோகப் பாடுபடவேண்டும். அவனது நுண்ணறிவு வேண்டப்படுவதோ இறுதியில் எஞ்சும் ஓரிரு மில்லிமீட்டரில் மட்டுமே.

இத்துன்பத்தைக் குறைக்கும் எண்ணம் மேனாட்டில் நெடுநாளாக உண்டு. வரைந்த படத்தைப் பெருக்கியுஞ் சுருக்கியும் படியெடுக்கும் பாண்டோகிராப் என்னும் நாற்கோற் கருவியை ஷைனர் என்னும் பாதிரியார் 1603-இல் அமைத்தார். நீராவிப் பொறியால் புகழெய்திய ஜேம்ஸ் வாட், முதுமையில் சிலைகளுக்குப் படியெடுக்கும் பொறியொன்றை ஆக்குவதில் பொழுதுபோக்கினார். 1819-இல் தாமஸ் பிளாஞ்சார்டு என்னும் அமெரிக்கர் துப்பாக்கியின் மரக்கட்டைகளை மாதிரிபார்த்துக் கடையும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இவற்றின் கருத்து ஒன்றே: மாதிரியைத் தடவிச்செல்லும் கோலொன்றும் மரத்தை வெட்டும் உளியொன்றும் பிரிக்கவொண்ணாத துணையாகப் பிணைக்கப்படல்வேண்டும். கோல் எங்ஙனம் அசையுமோ அங்ஙனமே உளியும் அசையும்.

இனி, இப்பொறியை வீட்டிலேயே அமைக்குமாறு கூறுவாம். வளையாத தடித்த பிளைவுட் மேடையொன்று வேண்டும். அதன் இருபக்கத்தும் முன்பின்னாக இரண்டு தண்டவாளங்களைப் பொருத்தி, அவற்றின்மேல் பேரிங்கு உருளைகளால் ஓடுமாறு குறுக்கே உருண்டையான எஃகுத்தண்டு ஒன்றை ஏற்றுதல்வேண்டும். அத்தண்டில் ஒரு மரச்சட்டம் கோக்கப்படும். சட்டம் தண்டின் வழியே இடம்வலமாக நழுவும்; தண்டையே அச்சாகக்கொண்டு மேலுங் கீழும் ஆடும்; தண்டோடு முன்னும் பின்னும் செல்லும். ஆகவே மூன்று திசையிலும் அதற்கு இயக்கம் உண்டு. சட்டத்தின் முன்முனையில், தண்டிற்கு நேரிணையாக, ஒரு குறுக்குக்கட்டை அமையும். அதன் இடப்பால் தடவுகோலும், வலப்பால் தச்சர் ரூட்டர் என வழங்கும் மின்சாரச் சுழலுளியும் பொருத்தப்படும். இரண்டும் தண்டினின்று ஒரே தொலைவில் இருத்தல் இன்றியமையாதது. அன்றேல் ஒன்று ஓரளவு தாழ மற்றொன்று வேறளவு தாழும். கித்தாரின் அகன்ற பகுதி ஏறத்தாழ 43 சென்டிமீட்டராதலின், கோலிற்கும் உளிக்கும் இடையே 50 சென்டிமீட்டராவது விடுதல் நன்று.

சுழலுளியின் பாரம் கையை அழுத்தாதவாறு, கிணற்றேற்றத்திற் கல்லைக் கட்டுவதுபோல், சட்டத்தின் பின்முனையில் எதிர்ப்பாரம் ஏற்றவேண்டும். எஃகுத்தண்டின் ஒருமுனை முந்தி மறுமுனை பிந்தினால் படி கோணிவிடும். இதனைத் தடுக்க, படம் வரைவோர் பலகையில் நேர்கோல் சாயாதிருக்கக் கட்டும் குறுக்குக் கயிற்றைப்போல் இங்குங் கட்டலாம். ஒவ்வொரு மூட்டும் ஆட்டங்கொடாது இறுகியிருத்தல் வேண்டும். மூட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருப்பினும், நான்கு மில்லிமீட்டர்ப் பலகையில் அஃது எட்டிலொரு பங்காகிவிடும் அன்றோ!

தடவுகோலின் நுனியும் உளியின் நுனியும் ஒரே அளவும் ஒரே உருண்டை வடிவும் உடையனவாதல் வேண்டும். கோலின் நுனி சிறிதாயின், உளி புகவொண்ணாத பள்ளத்திலும் கோல் புகுந்து, மரம் மிகையாக வெட்டுண்ணும். முதன்முறை செதுக்குங்கால் உளியைக் கோலினும் மூன்று மில்லிமீட்டர் உயர்த்திவைத்தால், எங்கும் அவ்வளவு மரம் மிச்சமாக நிற்கும். பின்னர்ச் சிறிது சிறிதாக உளியைத் தாழ்த்திக்கொள்ளலாம். ஒரேயடியாக ஆழ வெட்டுதலும், உளி சுழலுந் திசையிலேயே தள்ளுதலும் மரத்தைப் பிளந்து கையையும் பறிக்கும். இரு கையும் கைப்பிடியில் இருத்தலும், கண்ணிற்குக் கண்ணாடியும் மூக்கிற்குத் துணியும் அணிதலும் மறக்கற்பாலன அல்ல.

நிற்க. இப்பொறி எதனைச் செய்யாது என்பதையும் அறிதல்வேண்டும். ஏடெழுதுவோன் மூலவேட்டிலுள்ள பிழையையும் எழுதிச்செல்வான். கைசோர்ந்தவிடத்துத் தன் பிழையையுஞ் சேர்ப்பான். பாடபேதங்கள் தோன்றியதும் இவ்வாறே. நம் பொறியும் அத்தகையதே. மாதிரியின் குறையையும் மாற்றாது தரும். தன் மூட்டு ஆடினால் தன் பிழையையுஞ் சேர்க்கும். அன்றியும், ஒரே மரத்தின் அடுத்தடுத்த பலகைகளும் கனத்திலும் விறைப்பிலும் வேறுபடுவன. ஒன்றற்கு நல்லொலி தந்த தடிப்பு மற்றொன்றற்குத் தாராது. ஆதலின் பலகையை விரலால் தட்டிச் செவியாற் கேட்டு, சிறிது சிறிதாகச் சுரண்டி முடிக்கும் இறுதித்தொழில் கைக்கே உரியது. பொறி வடிவைப் படியெடுக்குமேயன்றி ஒலியைப் படியெடாது.

நம் நாட்டு வீணைக்கும் இது பொருந்தும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணை பலாமரத்தாற் செய்யப்படுவது. குடமும் தண்டியும் ஒரே மரத்தில் அமைந்ததனை ஏகாண்ட வீணை என்பர். குடம் உருண்டு திரண்டதாதலின், மேலிருந்து மட்டும் வெட்டும் நம் பொறி அதன் புறத்தை முற்றும் உருவாக்காது. மாதிரியும் மரமும் ஒருங்கே சுழலும் பிளாஞ்சார்டு முறையே அதற்கு வேண்டும். அங்ஙனம் அமைப்பினும், யாளிமுகத்தின் நுண்ணிய வேலையும், மெழுகின்மேல் 24 மெட்டுகளைச் செவியளவால் நிறுத்தலும் கைவினைஞரிடமே இருக்கும்.

இயந்திரம் வந்தால் கைத்தொழில் அழியுமே என அஞ்சுவார் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று. விசைத்தறியில் நெய்த போலிச்சேலை, கைத்தறியாளர் பிழைப்பைக் கெடுத்தமை காஞ்சியார் அறிந்ததே. ஆயின் அதே காஞ்சியில் ஜக்கார்டு அட்டை கைத்தறியின்மேலேயே அமர்ந்து நெசவாளனுக்கு ஏவல்செய்கின்றது. கரையையும் உடலையும் மூன்று நாடாக்களால் இணைக்கும் கோர்வை வேலையோ இன்றும் கையாலேயே நடைபெறுகின்றது. இரண்டிற்கும் வேற்றுமை யாது? ஒன்று தொழிலாளனது இடத்தைப் பிடித்தது. மற்றொன்று அவன் கையின்கீழ் நின்றது. தச்சன் தானே ஆக்கி, பழுதுற்றால் தானே திருத்தும் இச்சிறு பொறி இரண்டாவது வகையைச் சார்ந்தது. பல நாள் தோள்வலியை அவனுக்கு மிச்சப்படுத்தி, அந்நாள்களைச் செவியின் வேலைக்கு ஈவது இதன் பயன். வெறும் உடலுழைப்பிற்கு அஞ்சித் தந்தையின் தொழிலைக் கைவிடும் இளைஞர் சிலரையேனும் இது பட்டறையில் நிறுத்துமாயின், பொறி கைத்தொழிற்குப் பகையன்று, துணையே என்பது தெளிவாம்.