கொம்பனித்தெருவும் ஒரு கிற்றாரும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் கொம்பனித்தெரு புகையிரத நிலையத்திலே வண்டிக்காகக் காத்திருந்தேன். அருகிருந்த ஒழுங்கை ஒன்றிலிருந்து கிற்றார் ஒலி எழுந்தது. யாரோ ஓர் இளைஞன் 'சின்ன மாமியே' என்ற பாட்டின் மெட்டைப் பழகிக்கொண்டிருந்தான். பிழைபட்ட இடத்திலே நிறுத்துவான், மீண்டும் தொடங்குவான். அதைக் கேட்க எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1960களின் பிற்பகுதியில் அந்தப் பாட்டு யாழ்ப்பாணமெங்கும் பரவியபோது நான் மாணவன். எங்கள் கையெழுத்துச் சஞ்சிகையிலே அதனைக் கண்டித்து ஒரு கட்டுரை வரைந்தேன். தமிழிசைக்கு நேர்ந்த இழிவு என்று முடித்திருந்தேன். ஆசிரியர் ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எழுதிய கையும் தட்டிய கையும் ஆராயாமலே தீர்ப்பளித்தவை என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன.

அப்பாட்டைப் பாடிப் புகழ்பெற்றவர் உரும்பிராய் தந்த நித்தி கனகரத்தினம். அம்பாறை ஹாடி நிறுவனத்திலே பயின்ற நாள்களில், சிங்கள நண்பர்கள் கைதட்டிப் பாடிய பைலா அவர் செவியில் விழுந்தது. அந்தத் தாளத்துக்குத் தமிழ்ச் சொற்களை இசைத்தார். நண்பர் கூட்டத்திலே பிறந்த பாட்டு மேடைக்கு வந்தது, வானொலிக்கு வந்தது, ஈழத்துப் பொப்பிசை என்ற ஒரு துறையே அதிலிருந்து கிளைத்தது.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? விடையின் ஒரு பகுதி நான் நின்ற மண்ணிலேயே இருக்கிறது. கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயரின் பொருள் 'அடிமைத் தீவு'. ஒல்லாந்தர் ஆட்சியில் பகலெல்லாம் வேலை வாங்கப்பட்ட அடிமைகள், இரவிலே பேரை வாவி சூழ்ந்த இந்நிலத்தில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஆபிரிக்கரும் இருந்தனர். போர்த்துக்கேயர் காலந்தொட்டே இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரைக் 'காப்பிரிகள்' என்றனர். அவர்களுடைய தாளமும் போர்த்துக்கேய மெட்டும் கலந்து 'கபிரிஞ்ஞா' ஆயிற்று. 1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் அம்மெட்டுகளிலே சிங்களச் சொற்களை ஏற்றிப் பைலாவை வளர்த்தார். 'பைலா' என்பதும் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததே.

இதன் தாளம் ஆறு அடி கொண்டது. அதனை இரண்டு மும்மையாகவும் எண்ணலாம். மூன்று இரட்டையாகவும் எண்ணலாம். இரு கணக்குகளும் மோதுமிடத்திலே கால் தானாக எழுகிறது. நமது திஸ்ர நடையை அறிந்த செவிக்கு அது முற்றிலும் அந்நியமன்று.

1956இல் வெளிவந்த ஹரி பெலபொன்ரேயின் 'கலிப்சோ' இசைத்தட்டு உலகைச் சுற்றியது. 1960களில் கொழும்பிலே கிளரன்ஸ் விஜேவர்தன முதலியோர் கிற்றாருடன் சிங்கள மெல்லிசைக்குப் புதுவடிவம் தந்தனர். கலிப்சோவும் மேற்கிந்தியத் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள் வளர்த்த இசையே. இரு பெருங்கடல்களின் கரைகளிலே விலங்கிடப்பட்ட மக்களின் தாளங்கள் நம் தீவில் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்றால் மிகையாகாது.

நித்தியின் தனிச்சிறப்பு, அத்தாளத்தோடு நம் வீட்டு முற்றத்துப் பேச்சைச் சேர்த்தமை. மாமியை அழைப்பதும், கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று தடுப்பதும் யாழ்ப்பாணத்தார் வாய்மொழி. கமகத்திலே சொல் கரையவில்லை. கிற்றாரின் எளிய சுருதிக்கட்டிலே சொல் தெளிவாக நின்றது. எந்தப் பேச்சைக் கதையிலே எழுதினால் மண்வாசனை என்று போற்றினோமோ, அதையே பாட்டிலே கேட்டபோது இழிவு என்றோம்!

பின்னர் ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைத் தமிழகம்வரை கொண்டுசென்றார். 2018இல் சென்னையிலே மறைந்தார். நித்தி அவுஸ்திரேலியாவிலே குடியேறினார். பாட்டு மட்டும் புலம்பெயர்ந்தோர் வீட்டு விழாக்களிலே இன்றும் ஒலிக்கிறது.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். உங்கள் மாணவன் ஒரு புதிய இசையோடு வந்தால், அது எங்கே பிறந்தது, யார் துயரிலே வளர்ந்தது என்று அவனோடு சேர்ந்து தேடுங்கள். தீர்ப்பைப் பின்னர் எழுதலாம்.

என் வண்டி வந்தது. ஒழுங்கையிலே அந்த இளைஞன் பிழைபட்ட இடத்தை இம்முறை தடையின்றிக் கடந்துவிட்டான்.