‘தன்’ என்னும் சொல்லும் கணிப்பொறியும்



கோலசிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் ரோத்தானிலோ, பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவிலோ, ஒரு செம்பனைத் தோட்டத்தை நினைத்துக்கொள்வோம். அங்கே கிராணியார் ஆளுக்கோர் அட்டை வைத்திருக்கிறார். அட்டையில் பெயர், வெட்டிய குலைகள், குலைக்கு இவ்வளவு என்ற கூலி ஆகியவை இருக்கின்றன. அடியில் ஒரு விதி: “தன் குலைகளைத் தன் கூலியால் பெருக்கு.” நூறு பேர் இருந்தாலும் விதி ஒன்றுதான். ஆறுமுகத்தின் அட்டையில் ‘தன்’ என்பது ஆறுமுகத்தைக் குறிக்கும். மாரிமுத்துவின் அட்டையில் மாரிமுத்துவை.

கணிப்பொறிக்குக் கட்டளை எழுதுவோர், இப்படி விவரமும் விதியும் சேர்ந்த அட்டையைப் ‘பொருள்’ என்பர். பொருள் தன்னையே குறிப்பிட ஒரு சொல் வேண்டுமல்லவா? நார்வே நாட்டு அறிஞர்கள் டால், நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் அதற்கு ‘திஸ்’ என்ற சொல் இருந்தது. பின்னர் அமெரிக்காவில் பிறந்த ஸ்மால்டாக் ‘செல்ஃப்’ என்றது.

ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியிலும் ‘திஸ்’ உண்டு. ஆனால் விதிக்குள் இன்னொரு சிறு விதியை எழுதினால், உள்ளேயிருக்கும் ‘திஸ்’ வெளியிலுள்ள அட்டையை மறந்துவிடும். இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். அப்படி மறக்காத புதிய எழுத்துமுறை அம்மொழியின் தரத்தில் 2015-இல்தான் சேர்ந்தது.

நம் பேச்சைக் கவனியுங்கள். “தான் நாளை வருவதாக ஆறுமுகம் மாரிமுத்துவிடம் சொன்னான்.” வரப்போவது யார்? ஆறுமுகம்தான். லயத்துச் சிறுபிள்ளைகூடத் தடுமாறாது. ‘அவன் வருவதாக’ என்றால் அது வேறு எவனாகவும் இருக்கலாம். வாக்கியத்துக்குள் வாக்கியம் புகுந்தாலும் ‘தான்’ தனக்குரியவனை விடுவதில்லை.

தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுத முடியும் என்பதற்கு முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி சான்று. அதைப் பற்றி அவர் 2009-இல் கட்டுரை வெளியிட்டார். அம்மொழியில் ‘பதிப்பி’ என்றால் விடை திரையில் தோன்றும். இத்தகைய தமிழ்க் கணிமொழிகளில் ‘தன்’ என்பதைப் பொருள் தன்னைக் குறிக்கும் சொல்லாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே நாம் முன்வைக்கும் யோசனை. ‘இது’ என்று மொழிபெயர்த்தால் போதாதா என்று கேட்கலாம். ‘இது’ கைகாட்டும் சொல். எதிரே இருக்கும் எதையும் காட்டிவிடும். ‘தான்’ என்று வைப்பதிலும் ஓர் இடைஞ்சல் உண்டு. மேலே ‘ஆறுமுகம்தான்’ என்றோமே, அந்தத் ‘தான்’ வேறு. ஆகவே ‘தன்’ போதும். அட்டை முழுவதையும் ஒப்படைக்கும்போது மட்டும், “தன்னைப் பட்டியலில் சேர்” என்பதுபோலத் ‘தன்னை’ வேண்டியிருக்கும். அதையும் கணிப்பொறி ஏற்கும்படி செய்ய வேண்டும்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து நான்கு அட்டைகள் வெட்டி எழுதிப் பாருங்கள். பிறகு மாரிமுத்துவின் அட்டையில் மட்டும் ‘தன் குலைகளை’ என்பதை அழித்து, ‘ஆறுமுகத்தின் குலைகளை’ என்று எழுதுங்கள். ஆறுமுகம் 80 குலை, மாரிமுத்து 110 குலை வெட்டியிருந்தால், மாரிமுத்துவுக்கு எத்தனை குலைக்கூலி குறைகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும்.