தொழிலர் அவையில் வினாவும் விடையும்

ஒரு மாணாக்கன் புலமையை எங்கெங்கிருந்து பெறுகிறான் என்பதற்கு நன்னூலார் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததைக் குறைவறக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது காற்பங்குதான். அதே துறையில் ஈடுபட்டிருப்பவர்களோடு பழகி உசாவுவதால் இன்னொரு காற்பங்கு சேரும். தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே எஞ்சிய இரு பங்கும் வந்து நிறையும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூல் கற்போரை எண்ணி எழுதிய இக்கணக்கு, இன்று சிங்கப்பூரில் மின்கம்பி இழுப்பவர்க்கும் குழாய் பொருத்துபவர்க்கும் குளிரூட்டி மாட்டுபவர்க்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதையே இவ்வுரையில் நாம் காணவிருக்கிறோம்.

சிறு குத்தகையாளர் பெரும்பாலும் தனியாள். இரண்டு மூன்று பணியாளர்களோடு ஒரு வேனில் பொருள்களை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் செல்பவர். பயிற்சி நிலையத்தில் கற்றதும் உரிமத்திற்காகப் படித்ததும் அவருக்கு முதற் காற்பங்கு. கூரைப் பலகையைக் கழற்றி மேலே கைவிளக்கை நீட்டியவுடன் பாடநூலில் இல்லாத ஒன்று கண்ணில் படும். அப்போது அவர் கேட்பது தம் தொழிலரைத்தான். முன்பு அது காப்பிக் கடை மேசையிலும் மின்பொருள் கடை வாசலிலும் நடந்தது. இன்று பெரும்பாலும் கைப்பேசிக் குழுவில் நடக்கிறது. இடம் மாறினாலும் அதுவும் ஓர் அவையே. இலக்கிய அவையில் தவறான விடை சொன்னவர் நாணித் தலைகுனிவதோடு செய்தி முடிந்துவிடும். தொழிலர் அவையிலோ சொல்லப்பட்ட விடை அரைமணி நேரத்தில் யாரோ ஒருவர் கையில் திருப்புளியாக மாறிவிடுகிறது. எனவே இங்கே பேச்சு நாகரிகம் என்பது இன்சொல்லோடு நின்றுவிடுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். “ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகிறது, என்ன செய்யலாம்?” என்று ஒருவர் கேட்கிறார். ஆர்சிசிபி என்பது வீட்டு மின்பெட்டியில் இருக்கும் மின்கசிவுத் துண்டிப்பான். லைவ் கம்பியில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். ஈரம் ஏறிய கருவி வழியாகவோ, ஒருவர் உடல் வழியாகவோ ஒரு பகுதி நிலத்திற்குக் கசிந்தால் இரண்டும் வேறுபடும். வீடுகளில் அந்த வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கருவி நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்தாக வேண்டும். சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கும், 2023 ஜூலை முதல், ஈராண்டு அவகாசத்தோடு, எல்லா வீடுகளுக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது.

அவ்வினாவிற்கு மூன்று விடைகள் உடனே வரக்கூடும். ஒருவர் ‘வாட்டர் ஹீட்டரை மாற்றுங்கள்’ என்பார். இன்னொருவர் ‘ஆர்சிசிபியே கெட்டிருக்கும்’ என்பார். மூன்றாமவர் ‘இப்போதைக்கு பைபாஸ் செய்து கொடுத்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம்’ என்பார். முதல் இரண்டும் ஊகங்கள். மூன்றாவது, கசிவை அப்படியே விட்டுவிட்டுக் காவலை மட்டும் அகற்றும் யோசனை. அவ்வீட்டுக் குழந்தை ஈரக் கையோடு அக்கருவியைத் தொடலாம் என்பதை அது எண்ணிப் பார்க்கவில்லை. சொன்னவர் கொடியவர் அல்லர். பிறருக்கு உதவும் வேகத்தில், தாம் காணாத வீட்டைப் பற்றி உறுதியாகப் பேசிவிட்டார்; அவ்வளவே.

பிழை வினாவிலேயே தொடங்கியது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ‘குன்றக் கூறல்’ ஒன்று: வேண்டிய அளவினும் குறைத்துச் சொல்லுதல். வீடு எத்தனை ஆண்டுப் பழமையானது, எல்லா எம்சிபிகளையும் இறக்கிவைத்தால் ஆர்சிசிபி நிற்கிறதா, ஒவ்வொன்றாக ஏற்றும்போது எந்தச் சுற்றில் விழுகிறது, காப்புத்தடை அளந்து பார்க்கப்பட்டதா என்பவை இல்லாத வினாவிற்கு எவராலும் விடை சொல்ல இயலாது. எல்லாவற்றையும் இறக்கிய பின்னும் விழுகிறது என்றால் ஆராய்ச்சி வேறு திசையில் செல்ல வேண்டும்; எம்சிபி பெரும்பாலும் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் எங்கேனும் நிலக்கம்பியைத் தொட்டிருந்தால் அத்தொடர்பு அப்படியே இருக்கும். சில வீடுகளில் குற்றமுள்ள கருவி என்று ஒன்றுமே இராது. பல கருவிகளின் சிறு சிறு கசிவுகள் கூடி எல்லையைத் தொட்டிருக்கும். இத்தனை வழிகள் இருக்கையில், ஒரு வரியில் கேட்பவர் தம் நேரத்தை மிச்சப்படுத்தி மற்றவர் நேரத்தைச் செலவிடுகிறார் என்றே நாம் கருதுகிறோம்.

மாணவர்கள் பள்ளியிலேயே படிக்கும் வினா வகைகள் ஆறு. தொழிலர் அவையில் அவற்றுள் மூன்றைப் பிரித்தறிவது நல்லது. அறியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐய வினா. இவ்விரண்டில் தம்முடையது எது என்பதைக் கேட்பவர் சொல்லிவிட்டால் விடை தருபவரின் சுமை பாதியாகக் குறையும். “ஹீட்டரா, பிளக் பாயின்ட்டா என்று ஐயம், ஹீட்டரைக் கழற்றியும் விழுகிறது” என்பது எவ்வளவு தெளிவான ஐய வினா! மூன்றாவதான அறி வினா, விடை தெரிந்தே கேட்பது. வகுப்பறையில் ஆசிரியர்க்கு அது உரியது. சக தொழிலரைச் சோதிப்பதற்காக ஒருவர் அதைப் பயன்படுத்தும்போது அவையில் இளையவர்கள் வாய்மூடிவிடுகிறார்கள். அதன்பின் உண்மையான ஐயம் எழும்போதும் அவர்கள் கேட்பதில்லை, கேளாமலே செய்துவிடுகிறார்கள்.

விடை வகைகளில் ‘வினா எதிர் வினாதல்’ ஒன்று உண்டு. வினாவையே விடையாகத் தருவதை மழுப்பல் என்று எண்ண வேண்டா. “மழை பெய்த நாளில்தான் விழுகிறதா, தம்பி?” என்று மூத்தவர் ஒருவர் திருப்பிக் கேட்பது, முன்னே கண்ட மூன்று விடைகளையும்விட மேலான விடை.

இனி, தமிழ் மொழியே நமக்குத் தந்திருக்கும் ஒரு கருவியைக் குறிப்பிட வேண்டும். ‘சாக்கெட்டை மாற்றினார், சரியாயிற்று’ என்பதற்கும் ‘மாற்றினாராம், சரியாயிற்றாம்’ என்பதற்கும் இடையே ஒரே ஓர் ‘ஆம்’தான் வேறுபாடு. முன்னது கண்டவர் கூற்று; பின்னது கேட்டவர் கூற்று. பல மொழிகளில் இதற்குத் தனி வாக்கியமே வேண்டும். தமிழில் ஓர் அசை போதும். ஆயினும் தொழிற்பேச்சில் இந்த ஆம் மெல்ல மெல்ல உதிர்ந்துவிடுகிறது. காதில் விழுந்த செய்தி இரண்டாம் வாயில் அனுபவமாகிறது, மூன்றாம் வாயில் விதியாகிறது. அளந்தேன், கண்டேன், கேள்விப்பட்டேன், ஊகிக்கிறேன் என்ற நான்கையும் பிரித்துச் சொல்லும் பழக்கத்தை ஆசிரியர்கள் வகுப்பிலேயே தொடங்கிவைக்கலாம். ஒரே செய்தியை நான்கு விதமாக எழுதச் சொல்லும் எளிய பயிற்சி போதும்.

மறுத்துப் பேசுவதில்தான் நம்மவர்க்கு இடர்ப்பாடு மிகுதி. மூத்தவரை ‘அண்ணே’ என்றழைத்தபின் அவர் சொன்னது தவறென்று எப்படிச் சொல்வது? இருவகைத் தவறும் நடக்கின்றன. இளையவர் பேசாமல் இருந்துவிடுகிறார். அல்லது பொறுமை இழந்து, ‘நீங்கள்’ ‘நீ’யாகி, வழக்கு சாக்கெட்டை விட்டு ஆளைப் பற்றியதாகிறது. நன்னூல் எழுவகை மதங்களைச் சொல்லும்போது உடன்படுதலை அடுத்து மறுத்தலை வைக்கிறது. மறுப்பு பண்பாட்டுக்குப் புறம்பானது என்று அந்நூல் கருதவில்லை. அதற்கடுத்து, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலையும் ஒரு முறையாக வைத்திருக்கிறது. “அண்ணே, நீங்கள் சொல்வதுபோல் முதலில் ஐயப்பட வேண்டியது ஹீட்டரைத்தான், நானும் அதைத்தான் முதலில் கழற்றினேன். கழற்றியபின்னும் விழுவதால் கசிவு வேறிடத்தில் என்று தோன்றுகிறது.” இதில் மரியாதையும் குறையவில்லை, உண்மையும் குறையவில்லை. ஆனால் பைபாஸ் செய்யச் சொல்பவரிடம் இந்தச் சுற்றுவழியும் வேண்டா. “அது கூடாது, அண்ணே” என்று நேராகச் சொல்லிவிட்டு, காரணத்தைப் பின்னர் விளக்குவதே முறை.

அதே வரிசையில் பிறர் நூலின் குற்றம் காட்டுதலும் உண்டு. அங்கும் காட்டப்படுவது நூலின் குற்றம். ஆசிரியரின் குலமோ குணமோ அன்று. நம் தொழிலரோ பழைய கம்பிகளைக் கண்டவுடன் “யார் இந்த வேலையைச் செய்தது?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். (அவர் சென்ற வீட்டிலும் அடுத்து வந்தவர் இதையே கேட்டிருப்பார்.) முன்னவர் பெயரை அவையில் சொல்வதால் கசிவு நிற்கப்போவதில்லை. திருக்குறளில் புறங்கூறாமைக்கும் பயனில சொல்லாமைக்கும் அடுத்தடுத்து அதிகாரங்கள் அமைந்திருப்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

பேசவே கூடாதவை சிலவும் உண்டு. வீட்டுக்காரரின் பெயர், கதவிலக்கம் தெரியும்படி படம் பகிர்தல் கூடாது. தனிநபர் தகவல்களைக் காக்க 2012ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. விலை பற்றிய பேச்சு இன்னும் இடர் மிக்கது. ‘ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவுக்குக் கீழே யாரும் போக வேண்டா’ என்று ஒருவர் சொல்வது ஒற்றுமைக் குரலாகவே ஒலிக்கும். ஆனால் போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயிப்பதையும் ஏலக்குத்தகைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதையும் சிங்கப்பூரின் 2004ஆம் ஆண்டுப் போட்டித்தன்மைச் சட்டம் தடைசெய்கிறது. எழுத்தில் உடன்பாடு இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்மொழி இசைவும் போதும். அத்தகைய பேச்சு எழுந்தால் அமைதியாக இருப்பதும் ஏற்றுக்கொண்டதாகத் தோன்றலாம். ‘இதில் எனக்கு இசைவில்லை’ என்று சொல்லிவிட்டு விலகுவதே தக்கது. பொருள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பதில் தடையில்லை.

கடைசியாக, நன்னூற் கணக்கின் பெரும்பங்கு. கேட்டவர் வேலை முடிந்ததும் அவைக்குத் திரும்பி வருவதில்லை என்பதே நாம் மிகுதியும் காணும் குறை. பத்துப் பேர் நேரம் கொடுத்திருப்பார்கள். முடிவு என்னவாயிற்று என்பது ஒருவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே வினா அதே ஊகங்களோடு மீண்டும் வரும். திரும்பி வந்து எடுத்துரைப்பவரே அந்த இருபங்கைப் பெறுகிறார். கேட்டிருந்தவர்களும் தத்தம் காற்பங்கைப் பெறுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அந்த இளையவர் இப்படி எழுதலாம்:

“சலவை இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த சாக்கெட்டில் சாளரம் வழியாக மழைநீர் இறங்கியிருந்தது. ஈரத்தோடு அளந்தபோது 0.01 மெகாஓம்; புதியது பொருத்தியபின் 200-க்கு மேல். இரண்டு மழை பார்த்துவிட்டோம், விழவில்லை. ஹீட்டராகவும் இருக்குமோ என்று நான் ஐயப்பட்டது தவறு. மழையைப் பற்றி அண்ணன் கேட்ட பிறகே அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன்.”