40 ரூபாயா, 400 ரூபாயா? நெயில் பாலிஷ் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் 40 ரூபாய்க்கும் நெயில் பாலிஷ் இருக்கு. மாலில் 400 ரூபாய்க்கும் இருக்கு. ரெண்டும் அதே மெரூன்தான். அப்புறம் எதுக்கு 360 ரூபாய் கூடுதல் என்று கேட்பது நியாயம்தான். அதற்காக 40 ரூபாய் பாட்டில்தான் எப்போதும் லாபம் என்றும் சொல்லிவிட முடியாது. பட்ஜெட்டுக்குள் வாங்க நினைப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பாட்டிலுக்குள் என்ன இருக்கு?

சாதாரண நெயில் பாலிஷின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். நகத்தின் மேல் மெல்லிய படலமாக நிற்பது இதுதான். இதைக் கரைத்து வைத்திருப்பவை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்கள். இவற்றுடன் பளபளப்புக்கும் பிடிப்புக்கும் ரெசின், படலம் வெடிக்காமல் வளைந்து கொடுக்க பிளாஸ்டிசைசர், பிறகு நிறமிகள். விலை குறைந்ததோ கூடியதோ, அடிப்படை ஏறக்குறைய இதேதான். நிறமியின் அடர்த்தி, பிரஷ், பிராண்ட் பெயர், விளம்பரம், பேக்கிங் எல்லாம் சேர்ந்துதான் விலை மாறுகிறது.

பூசியதும் கரைப்பான் ஆவியாகி, படலம் மட்டும் மிஞ்சும். இதைத்தான் ‘காய்ந்துவிட்டது’ என்கிறோம். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் பாட்டிலுக்குள்ளும் இதேதான் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. வாங்கிய நாளிலிருந்து கெட்டியாகிக்கொண்டே போகும் பொருள் இது. அதனால்தான் இதற்கு வழக்கமான விலைக் கணக்கு பொருந்தாது.

‘பூசிய’ மி.லி. கணக்கு

ஓர் உதாரணம். 5 மி.லி. பாட்டில் 75 ரூபாய், 12 மி.லி. பாட்டில் 144 ரூபாய். மி.லி.க்கு முதலாவது 15 ரூபாய், இரண்டாவது 12 ரூபாய். பெரியதுதான் லாபம் போலத் தெரியும்.

ஆனால், அந்த நிறத்தை மொத்தமே 4 மி.லி. அளவுக்குத்தான் பூசினீர்கள், மீதி உறைந்துபோனது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெரிய பாட்டிலில் பூசிய ஒவ்வொரு மி.லி.க்கும் 36 ரூபாய் ஆகியிருக்கும். சின்ன பாட்டிலில் 19 ரூபாய்கூட ஆகியிருக்காது.

ஆகவே, வாரா வாரம் போடும் ஆபீஸ் நிறத்துக்கும் டாப் கோட்டுக்கும் பெரிய பாட்டில் சரி. கல்யாணத்துக்கு ஒரு கிளிட்டர், ரீல்ஸில் பார்த்த நியான் பச்சை போன்றவற்றுக்குக் கடையில் கிடைப்பதிலேயே சின்ன பாட்டில் போதும். ‘6 நிறம் காம்போ’ என்றால், அதில் நிஜமாகவே போடப்போகும் நிறங்களை மட்டும் எண்ணி விலையை வகுத்துப் பாருங்க. ஆன்லைனில் டெலிவரி கட்டணத்தையும் சேர்த்துக்கணும். ஃப்ரீ டெலிவரிக்காக கார்ட்டில் போடும் இன்னொரு பாட்டில் ஃப்ரீ இல்லை!

எதில் செலவு செய்யலாம்?

மூன்று பாட்டில்தான் வாங்க முடியும் என்றால்: தோல் நிறத்துக்கு நெருக்கமான வெளிர் நிறம் ஒன்று, பிடித்த அடர் நிறம் ஒன்று, நல்ல டாப் கோட் ஒன்று. வெளிர் நிறத்தில் ஓரம் உதிர்ந்தாலும் பளிச்சென்று தெரியாது. பட்ஜெட்டில் கொஞ்சம் தாராளம் காட்ட வேண்டிய இடம் டாப் கோட். விலை குறைந்த நிறமும் அதன் கீழே கூடுதல் நாள் நிற்கும். அடர் சிவப்பு போட்டு நகம் மஞ்சளாகிறது என்பவர்களுக்கு நான்காவதாக ஒரு பேஸ் கோட் தேவைப்படும்.

லேபிளில் சிக்கனம் வேண்டாம்

தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், எம்.ஆர்.பி. ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்க. இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்கணும். பெரிய பிராண்டின் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்து மற்றதெல்லாம் இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிடுங்க. எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதலாகக் கேட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

‘3-ஃப்ரீ’ என்றால் டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றும் இல்லை என்று பொருள். ‘10-ஃப்ரீ’ போன்ற பெரிய எண்களுக்கு எல்லோருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது. பிராண்டுக்கு பிராண்ட் மாறும். எண்ணை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கும் முன், எவை இல்லை என்று அந்த பிராண்ட் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்க.

ஜெல் கிட் சேமிப்பா?

பார்லர் செலவை மிச்சம் பிடிக்க ஆன்லைனில் யு.வி. விளக்கோடு ஜெல் கிட் வாங்குகிறார்கள். இங்கே கவனம் தேவை. ஜெல்லில் உள்ள அக்ரிலேட் வகை வேதிப்பொருட்கள் சரியாக இறுகாமல் தோலில் பட்டால் அலர்ஜி வரலாம். வந்தால் வாழ்நாள் முழுக்க நீடிக்கலாம். பல ஜெல்களில் சேர்க்கப்பட்டுவந்த டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்துள்ளது. சேர்மானப் பட்டியல் இல்லாத மலிவு ஜெல்லை வீட்டில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் போனால், மிச்சம் பிடித்த பணம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

இருப்பதைக் காப்பாற்றுவது எப்படி?

பூசி முடித்ததும் பாட்டிலின் கழுத்தைத் துடைத்து, மூடியை இறுக்கி மூடுங்க. வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைங்க. கெட்டியாகிவிட்டால் ரிமூவரை ஊற்றாதீங்க. அது படலத்தின் பிடிப்பைக் கெடுத்துவிடும். நெயில் பாலிஷ் தின்னர் என்றே விற்கிறார்கள், இரண்டு மூன்று சொட்டு போதும். குலுக்குவதற்குப் பதில் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினால் குமிழி வராது. தடிமனாக ஒரு கோட் போடாமல் மெல்லியதாக இரண்டு போட்டால் சீக்கிரம் காயும். அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் மட்டும் வேண்டாம். இந்தக் கரைப்பான்கள் எளிதில் தீப்பிடிப்பவை.

அடுத்த முறை ‘ஆஃபர்’ கண்ணில் பட்டால், முதலில் வீட்டில் பாதியில் நிற்கும் பாட்டில்களை எண்ணிப் பாருங்க. அதில் இரண்டு சொட்டு தின்னரில் உயிர் பெறுபவை எத்தனை என்று தெரிந்த பிறகு ஆர்டர் போடலாம்.